பச்சை ஹவுழும் முஅத்தின் நானாவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பி நின்று சொல்லத்தான் யோசித்தோம், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறோம். எங்கள் பள்ளி ஹவுழைப் பற்றி நோன்பு முழுக்க வலப்பனையில் பல கதை ஓடியது. அதில் பாதியைத் தொடக்கி வைத்தது நாங்கள்தான். "நாங்கள்" என்றால் ஹவுழ் திருத்த வேலையைப் பொறுப்பெடுத்த ஐந்து பேர்: படிப்பிக்கிற இரண்டு பேர், ஒரு கடைக்காரர், ஒரு த்ரீவீல் சகோதரர், ஒரு மேசன் பாஸ்.

முதலில் ஹவுழ் முன்பு எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். நீளம் 12 அடி, அகலம் 8 அடி, தண்ணீர் நிற்கிற ஆழம் இரண்டரை அடி. மேலே மலையில் இருந்து பீலித் தண்ணீர் குழாயில் வந்து ஒரு மூலையில் விழும், மறு மூலையால் வழிந்து கானுக்குப் போகும். இரவு பகல் ஓடிக்கொண்டே இருந்த தண்ணீர். பாதி ஹவுழுக்குக் கூரை, மீதிக்கு ஒரு பழைய பலா மரத்தின் நிழல். உள்ளே முஅத்தின் நானா வளர்த்த கப்பி மீன்களும் நாலைந்து தங்க மீன்களும். நுளம்புக் குடம்பியை மீன் தின்றுவிடும். குளோரீன் என்ற பேச்சே அங்கே இருந்ததில்லை, தேவையும் இருக்கவில்லை. கொரோனாக் காலத்தில் வீட்டில் வுழூச் செய்துகொண்டு வரச் சொன்ன மாதங்களில்கூட அந்தத் தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. வலப்பனைப் பிரதேசத்துக்கு அந்த மண்சரிவுகள் என்ன செய்தன என்று உங்களுக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை. வீடும் ஆளும் போன இடத்தில் ஹவுழைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது சேற்றால் நிறைந்து கிடந்தது. டிசம்பர் முழுக்கப் பள்ளியில் சமைத்து ஆக்களுக்குக் கொடுத்தோம், ஹவுழ்ப் பக்கம் யாரும் போகவில்லை.

ஜனவரியில்தான் அதைத் திருத்த இறங்கினோம். சேற்றை அள்ளினோம். வெடித்திருந்த சுவருக்கும் தரைக்கும் புதிதாகச் சீமெந்து பூசினோம். பலா மரம் சரிவுப் பக்கம் சாய்ந்திருந்தது, பயத்தில் அதை வெட்டினோம். பீலி லைன் மேலே உடைந்து தண்ணீர் நூல் மாதிரித்தான் வந்தது. எனவே ஹவுழை நிரப்பிவிட்டு வாய்க்காலை அடைத்தோம், குறைகிற அளவுக்கு மட்டும் விட்டோம். மூன்று வேலையும் நியாயமான வேலைதான். மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அதில் ஒருவர் ஏழாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், கல்வியியற் கல்லூரியில் குளோரீனைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனவர்.

வேலை நடந்த நாட்களில் முஅத்தின் நானா மீன்களை ஒரு நீல பெரலில் போட்டுத் தன் அறை வாசலில் வைத்திருந்தார். ஹவுழ் நிரம்பியதும் ஆசையோடு கொண்டுவந்து விட்டார். இரண்டாம் நாள் சுபஹுக்குப் போனவர்கள் கண்டது, அத்தனை மீனும் வெள்ளை வயிறு தெரிய மிதந்துகொண்டிருந்ததைத்தான். குர்ஆன் மத்ரசாப் பிள்ளைகள் அழுதார்கள்.

கிணறுகளுக்குப் போடச் சொல்லி பீ.எச்.ஐ. மாத்தயா தந்திருந்த டீ.சீ.எல். தூள் பை ஒன்று பள்ளி அலுமாரியில் இருந்தது. பையின் வாய் திறந்திருந்தது. உடனே நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம்: நானா அளவு தெரியாமல் தூளை அள்ளிப் போட்டிருக்கிறார். "ஹவுழுக்கு நான் ஒரு கரண்டியும் போடல்ல மாஸ்டர், கக்கூஸ் கழுவத்தான் எடுத்த" என்று அவர் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டு போய்விட்டோம். நம்பவில்லை.

பிறகு, தண்ணீர் ஓடாமல் நிற்கிறது, தினமும் கொஞ்சம் குளோரீன் போட்டால் நல்லது என்று அந்தப் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தோம். தினமும் சுபஹுக்குப் பிறகு ஒரு மேசைக்கரண்டி. பெப்ரவரியில் மழை விட்டு வானம் வெளித்தது. நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது தண்ணீர் இளம் பச்சை, நோன்பு பிறக்கும்போது நல்ல பச்சை. சுவரைத் தொட்டால் வழுக்கியது. ஒரு மூத்த ஹாஜியார் படியில் சறுக்கி முழங்கையை அடித்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்புக்கு ஒன்றுமில்லை.

பச்சை என்றதும் "நானா தூள் போடுவதில்லை" என்றோம். அதே கிழமையில் சிலர் "குளோரீன் மணம் தாங்க ஏலா, கண் எரிகிறது" என்று முறைப்பட்டார்கள். உடனே "நானா கூடப் போடுகிறார்" என்றோம். ஒரே ஆள் ஒரே தண்ணீருக்குக் கூடவும் போடுகிறார், குறையவும் போடுகிறார்! இந்த முரண் ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நோன்பின் ஐந்தாம் இரவு தராவீஹுக்குப் பிறகு இருந்து கதைத்தபோது "பெருநாள் முடிய வேறு ஆள் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அது சம்மதம்தான். நானாவுக்கு அந்த அறையை விட்டால் வேறு வீடு கிடையாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இரண்டாம் கிழமையில் எங்களில் ஒருவரின் மச்சான் கட்டாரில் இருந்து லீவில் வந்தார். தோஹாவில் ஒரு பெரிய வீட்டில் அவருக்குத் தோட்டமும் நீச்சல் தடாகமும் பார்க்கிற வேலை. ஏழு வருடமாக ஒரு வீட்டுக் குளத்தின் தண்ணீரோடு மல்லுக்கட்டிய மனிதர். லுஹருக்கு வுழூச் செய்ய வந்தவர் ஹவுழைப் பார்த்தார், தண்ணீரை மணந்தார், கடைக்காரரிடம் கேட்டார்: "பீ.எச். பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. எங்களிடம் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் பெட்டியில் சின்ன டெஸ்ட் கிட் ஒன்று இருந்தது. மறுநாள் அஸருக்கு முன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பார்த்தார்.

ஒரு குழாயில் தண்ணீர் எடுத்துச் சிவப்புத் துளிகள் விட்டார். நீச்சல் தடாகத்துக்கு 7.2 முதல் 7.8 வரை இருக்கவேண்டும், நிறம் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் வரும். எங்கள் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. அட்டையில் 8.2க்கு மேலே நிறமே இல்லை. அடுத்த குழாயில் முதல் மாத்திரை. பயன்படக்கூடிய குளோரீன் இருந்தால் இளஞ்சிவப்பு வரவேண்டும். தண்ணீர் தண்ணீராகவே நின்றது, பூச்சியம். அதே குழாயில் இன்னொரு மாத்திரையைப் போட்டார். இப்போது இளஞ்சிவப்பு வந்தது.

"மணக்குதே, பிறகு எப்படிப் பூச்சியம்?" என்று கேட்டோம்.

"மணக்கிறதாலதான் பூச்சியம்" என்றார்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. நாம் "குளோரீன் மணம்" என்று சொல்வது பெரும்பாலும் நல்ல குளோரீனின் மணமல்ல. வியர்வை, துப்பல், சிறுநீர், அழுகிய இலை, உரம் ஆகியவற்றில் இருக்கிற அமோனியா போன்றவற்றோடு குளோரீன் சேர்ந்தால் குளோரமீன் உண்டாகும். மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிப்பதும் அதுதான். அது கிருமியைக் கொல்வதில் மிகவும் சோம்பேறி. மணம் கூடினால் குளோரீன் அழுக்கோடு சண்டை பிடித்துத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் மணத்தைக் கேட்டுத் தூளைக் குறைக்கச் சொன்னோம், அதாவது தோற்றுக்கொண்டிருந்தவனின் கையில் இருந்த பொல்லையும் பிடுங்கினோம். உரம் எங்கிருந்து வரும்? பீலிக்கு மேலே முழுக்க மரக்கறிப் பாத்தி. புயலுக்குப் பிறகு லைன் உடைந்த இடத்தால் பாத்தித் தண்ணீரும் சேர்ந்து வந்தது. பாசிக்கும் அதே உரம்தான் சாப்பாடு.

பீ.எச். கதை இன்னும் வெட்கம். தூள் தண்ணீரில் கரைந்ததும் குளோரீன் இரண்டு வேஷத்தில் நிற்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், இது வேலைகாரன். மற்றது ஹைப்போகுளோரைட் அயன், இது பல மடங்கு மெதுவானது. பீ.எச். பெறுமானம் 7.5 அளவில் இருந்தால் பாதிக்குப் பாதி. 8க்குப் போனால் வேலைகாரன் கால் பங்கு, 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு அளவுதான். புதிய சீமெந்தில் இருந்து கிழமைக்கணக்கில் சுண்ணாம்பு கரைந்து வரும். எங்கள் பீலித் தண்ணீர் சவர்க்காரம் பொங்கிப் பொங்கி நுரைக்கிற மென்னீர், சுண்ணாம்பை இன்னும் ஆவலாக வாங்கும். பூசிய சீமெந்தை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டவேண்டும். மேசன் பாஸ் அன்றே சொன்னார். நோன்பு வருகிறதென்று அவசரப்படுத்தியது நாங்கள்.

மீன்களைக் கொன்றதும் அந்தச் சுண்ணாம்புதான். பச்சைச் சீமெந்துத் தொட்டியில் மீன் விட்டால் சாகும் என்று மீன் வளர்க்கிற சின்னப் பையனுக்கும் தெரியும்.

மூன்றாவது வெயில். நுவரெலியா மாவட்டம் குளிர்தானே என்பீர்கள். குளோரீனை அழிப்பது சூடு மட்டுமல்ல, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர். நேர் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். நானா சுபஹுக்குப் பிறகு போட்ட தூள் லுஹருக்கு வருமுன் ஆவியான மாதிரித்தான். நேரத்தைக் குறித்துக் கொடுத்ததும் நாங்கள்தான். தோஹா வெயிலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டோம். அங்கே சயனூரிக் அமிலம் என்ற ஒன்றைக் கலப்பார்களாம், அது குளோரீனை வெயிலில் இருந்து காக்கும். மிதக்கிற வட்ட மாத்திரைகளில் அது சேர்ந்தே வரும். ஆனால் அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், அளவு மிஞ்சினால் குளோரீனையே கட்டிப்போட்டுவிடும். "குளிக்கிற குளத்துக்குச் சரி, வாய் கொப்புளிக்கிற தண்ணிக்கு வேணாம், நிழல் போடுங்க" என்றார். அது எங்களுக்கும் சரியாகப் பட்டது.

ஒரு சின்ன விஷயம், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க. குளோரீனுக்கு 1810இல் ஹம்ப்ரி டேவி பெயர் வைத்தது அதன் நிறத்தைப் பார்த்து. கிரேக்கத்தில் குளோரோஸ் என்றால் வெளிர் பச்சை. இலையின் பச்சையத்துக்குக் குளோரோபில் என்று பெயர் வந்ததும் அதே சொல்லில் இருந்துதான். பாசியும் பாசிக்கு எதிரியும் ஒரே பெயர்க்காரர்கள்.

"எங்கட வாப்பா காலத்திலயும் ஹவுழ் பச்சைதான், யார் செத்தது?" என்று கேட்டவர்கள் உண்டு. மார்க்கமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மௌலவியிடம் கேட்டோம். நமது ஷாஃபிஈ மத்ஹபில், தேங்கிய தண்ணீரில் பாசி படர்ந்து நிறம் மாறினாலும் வுழூவுக்குக் குறையில்லை, அது தவிர்க்க முடியாத மாற்றம் என்றார். இரண்டு குல்லத் என்பது ஏறக்குறைய 200 லீற்றர், எங்கள் ஹவுழ் அதைப் போல முப்பது மடங்குக்கு மேல். குளோரீன் போட்டால் வுழூ செல்லுமா என்று கேட்ட சகோதரருக்கும் அவரே பதில் சொன்னார்: தண்ணீர் என்ற பெயர் மாறுமளவுக்கு ஒன்றும் கலக்கவில்லை, செல்லும்.

ஆனால் தஹாரத் வேறு, சுகாதாரம் வேறு. வுழூவில் நாம் வாய் கொப்புளிக்கிறோம், மூக்கினுள் தண்ணீர் செலுத்துகிறோம். பாசி தானாக ஆளைக் கொல்லாது. அந்தத் தண்ணீரில் கிருமியைத் தடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதற்கு அது அடையாளம். கராச்சியில் மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா, நீச்சல் பக்கமே போகாதவர்களையும் கொன்றிருக்கிறது. வுழூவில் மூக்குக்குப் போகும் குழாய்த் தண்ணீரையும் மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். போதிய குளோரீன் இல்லாத தண்ணீர் என்பதுதான் முக்கியமான குறை. அது சூடான தண்ணீரை விரும்பும் உயிரி, எங்கள் மலைத் தண்ணீருக்கு அவ்வளவு பயமில்லை. வயிற்றோட்டத்துக்கும் கண் நோய்க்கும் அந்தச் சலுகை கிடையாது.

என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறோம், வேறு பள்ளிகளுக்கும் உதவலாம். தோஹாக் குளத்துத் தண்ணீரைக் கொட்ட ஏலாது, அவ்வளவு தண்ணீர் அங்கே பணம். அதனால் அழுக்கோடு கட்டுண்ட குளோரீனைப் போல பத்து மடங்கு போட்டு எரிப்பார்களாம். எங்களுக்கு 240 கன அடிதான், கன அடிக்கு 28.3 லீற்றர், சுமார் 6,800 லீற்றர். கொட்டிவிட்டோம். சுவரையும் தரையையும் கம்பி இல்லாத ப்ரஷால் தேய்த்தோம். பாசி வழுவழுப்பான ஒரு போர்வைக்குள் ஒளிந்திருக்கும், தேய்க்காமல் எவ்வளவு தூள் போட்டாலும் மேல்பூச்சுத்தான். நிரப்பி இரண்டு நாள் ஊறவைத்துக் கொட்டினோம், நாலு தரம். நாலாம் தரம் பீ.எச். 7.6க்கு வந்தது. நாற்றுமேடைக்குப் போடுகிற நிழல் வலையைக் கூரையில் இருந்து மதிலுக்கு இழுத்துக் கட்டினோம். பீலி லைனை மேலே போய்த் திருத்தி, பாத்தித் தண்ணீர் சேராமல் குழாயை உயர்த்தினோம். வலை கட்டின நாளில் இருந்து பாதிப் பிரச்சினை இல்லை, இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

தூள் கணக்கு இப்படி. 1,000 லீற்றருக்கு 1 கிராம் குளோரீன் போட்டால் லீற்றருக்கு 1 மில்லிகிராம். எங்கள் ஹவுழுக்கு 6.8 கிராம். நல்ல தூளில் நூற்றுக்கு முப்பது சொச்சம்தான் குளோரீன், எனவே 23 கிராம் அளவு. வாய் திறந்து ஈரத்தில் கிடந்த தூளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது, பலம் போயிருக்கும். எங்கள் அலுமாரிப் பையும் அப்படித்தான் இருந்தது. முதலில் ஒரு வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இஷாவுக்குப் பிறகு, எல்லோரும் போனதும் சுற்றி ஊற்றுவது. குடிக்கிற தண்ணீரில் அரை மணித்தியாலம் கழித்து 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 5க்கு மேல் போகக்கூடாது. நாங்கள் சுபஹுக்கு முன் பார்த்து 0.5 இருந்தால் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து வீட்டிலும் கவனியுங்கள். மச்சான் எங்கள் அலுமாரியைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. குளோரீன் தூளும் கக்கூஸ் கழுவுகிற அசிட் போத்தலும் ஒரே தட்டில் இருந்தன. அவை இரண்டும் கலந்தால் குளோரீன் வாயு கிளம்பும், மூடிய அறையில் ஆள் தப்புவது கஷ்டம். அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் முஅத்தின் நானா படுக்கிறார். இப்போது அசிட் வெளியே, வேறு பெட்டியில்.

டெஸ்ட் பார்த்த அன்று நானா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயின் நிறம் அவருக்கு விளங்கியதோ தெரியாது. மச்சான் சீமெந்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் முன்னால் வந்தார்.

"அப்ப மீன் செத்தது என்னால இல்லதானே தம்பி?"

"இல்ல நானா. சீமெந்தால."

திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டார். "என்னால இல்லதானே மாஸ்டர்?"

இல்லை என்று சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். ஆனால் பழியை ஊரெல்லாம் கேட்கக் கடையிலும் கல்யாண வீட்டிலும் சொன்னோம், மன்னிப்பை மட்டும் தூணடியில் ரகசியமாகக் கேட்டோம். வேறு ஆள் பார்ப்போம் என்று கதைத்ததை அவர் அறிந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நோன்பு இருபத்தேழில் அவருடைய பெட்டி கட்டியபடி கட்டிலுக்குக் கீழே இருந்ததை ஒரு பிள்ளை கண்டிருக்கிறது. அதனால்தான் இதை இங்கே, எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறோம்: எங்கள் ஐந்து பேரிடமும் ஹவுழைப் பற்றி, நானாவைப் பற்றி எதையாவது கேட்டிருந்தால், அது பிழை. மீன் செத்ததும் தண்ணீர் பச்சையானதும் எங்கள் வேலையால்.

மச்சான் பெருநாளுக்கு மூன்றாம் நாள் திரும்பிப் போனார், டெஸ்ட் கிட்டை நானாவிடம் கொடுத்துவிட்டு. நானா ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டுத் தினமும் எழுதுகிறார். மத்ரசாப் பிள்ளைகள் எங்கிருந்தோ எட்டுக் கப்பி மீன் கொண்டுவந்தார்கள். அவை ஹவுழுக்குள் இல்லை, கொஞ்சக் குளோரீனும் மீனுக்கு ஆகாது. நீல பெரலில், பீலித் தண்ணீரில், நானாவின் அறை வாசலில் இருக்கின்றன. இன்று காலைக் கணக்கு: குளோரீன் 0.5, பீ.எச். 7.6, பக்கத்தில் "இரவு மழை" என்று எழுதியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு சுபஹுக்குப் பிறகு ஹவுழ் கழுவுகிறோம். நைலோன் ப்ரஷ் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. டெஸ்ட் மாத்திரை முடிந்துகொண்டு வருகிறது. கொழும்புக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் நானாவிடம் சொல்லுங்கள், எந்த மாத்திரை என்று அவர் காட்டுவார்.